எலக்ட்ரிக் சைக்கிள் ஆக்சிலேட்டர் எகிறுகிறதா? மதுரைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எலக்ட்ரிக் சைக்கிள் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் வரும்?" வாங்கி ஓட்டிய பிறகு கேட்பது, "தொட்டாலே எகிறுதே, இதை அடக்க முடியாதா?" கீழமாசி வீதியில் மூட்டை இறக்கும் நேரத்தில் நடைவேகத்தில் ஊர்ந்தவர்கள், விளக்குத்தூண் பக்கம் தீபாவளிக் கூட்டத்துக்குள் மாட்டியவர்கள், எல்லோருக்கும் இந்தக் கேள்வி வந்துவிடும்.

அடக்க முடியும். இங்கே பேசுவது நம் ஊரில் அதிகம் கண்ணில் படுகிற சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார் (ஹப் மோட்டார்) உள்ள 36 வோல்ட், 250 வாட் சைக்கிள்களைப் பற்றி. என்ன மாற்றம் செய்தாலும் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: விரலை எடுத்ததும் மோட்டார் அடங்க வேண்டும். இழுப்பு எவ்வளவு நிதானமாக வேண்டுமானாலும் வரட்டும், போவது உடனே போக வேண்டும். கீழே உள்ள பதில்களில் பாதி இதைச் சுற்றியே வரும்.

மெதுவாகத்தான் தொடுகிறேன். முதலில் ஒன்றுமே நடக்கவில்லை, அப்புறம் திடீரென்று பாய்கிறது. ஏன்?

இதில் இரண்டு காரணம் கலந்திருக்கிறது.

முதல் காரணம் த்ராட்டில், அதாவது ஆக்சிலேட்டர். அதற்குள் ஒரு சின்னக் காந்தமும், பக்கத்தில் அதன் நகர்வை உணரும், மூன்று கால் உள்ள ஒரு ஹால் சென்சாரும் இருக்கும். விரலால் தள்ளும்போது காந்தம் நகர, சென்சார் தரும் வோல்டேஜ் சுமார் 0.8 வோல்ட்டிலிருந்து 4 வோல்ட்டை ஒட்டி ஏறுகிறது. ஆனால் மோட்டாருக்கு எவ்வளவு கரன்ட் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் கன்ட்ரோலர் 1.1, 1.2 வோல்ட் வரை எதையும் கண்டுகொள்ளாது. சூட்டிலும் ஈரத்திலும் சென்சாரின் ஓய்வு வோல்டேஜ் கொஞ்சம் தள்ளாடும், அதற்காக வேண்டுமென்றே விட்ட இடைவெளி அது. மேல் பக்கமும் இதே கதைதான். பல கன்ட்ரோலர்களுக்கு 3.5 வோல்ட் வந்தாலே முழு த்ராட்டில் என்று கணக்கு. ஆக, விரல் நகரும் தூரத்தில் முதலில் கொஞ்சமும் கடைசியில் கொஞ்சமும் வெறும் காற்று. நடுவில் உள்ள சின்ன இடத்துக்குள் பூஜ்யத்திலிருந்து நூறு வரை எல்லாம் முடிந்துவிடுகிறது.

இரண்டாவது காரணம் கன்ட்ரோலர். இதுதான் பெரியது. விலை குறைந்த கன்ட்ரோலர்கள், த்ராட்டில் எவ்வளவோ அவ்வளவு வோல்டேஜை மோட்டாருக்கு அனுப்பும். ஓடுகிற மோட்டார் தானே ஒரு எதிர் வோல்டேஜை உண்டாக்கும், அது கரன்ட்டைப் பிடித்து வைக்கும். நிற்கிற மோட்டாரில் அந்தத் தடை கிடையாது. கொஞ்சம் வோல்டேஜ் கொடுத்தாலும் கரன்ட் கன்ட்ரோலரின் வரம்பு வரை ஏறிவிடும். கரன்ட்தான் இழுவிசை. அதனால்தான் நின்ற இடத்தில் கிளம்பும்போது குதிக்கிற சைக்கிள், 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதே த்ராட்டிலுக்குச் சாதுவாக நடந்துகொள்கிறது.

இதிலிருந்தே ஒரு காசில்லாத வைத்தியம் கிடைக்கிறது. இரண்டு மிதி மிதித்து, சக்கரம் உருண்ட பிறகு த்ராட்டிலைத் தொடுங்கள். பாதிப் பேருக்கு இதோடு பிரச்சினை தீர்ந்துவிடும். மிச்சப் பேர் மேலே படியுங்கள்.

நான் த்ராட்டிலைத் தொடவே இல்லை. கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும்போது தானாக முன்னால் இடிக்கிறது.

அது த்ராட்டில் அல்ல, பெடல் சென்சார். கால் மிதியில் இருக்கிறது, பச்சை விழப்போகிறது என்று லேசாக ஒரு அழுத்து அழுத்துகிறீர்கள். மிதிகள் மாட்டியிருக்கும் கிராங்க் ஓரத்தில் இருக்கும் காந்த வட்டு கொஞ்சம் சுற்றியதுமே, மிதிக்க ஆரம்பித்துவிட்டார் என்று கன்ட்ரோலர் முடிவு கட்டிவிடுகிறது. நம் ஊர் விலையில் வரும் சைக்கிள்களில் பெரும்பாலும், எவ்வளவு பலமாக மிதிக்கிறீர்கள் என்று பார்க்கிற சென்சார் இருக்காது. மிதி சுற்றுகிறதா இல்லையா, அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

சந்தேகம் இருந்தால் பெடல் அசிஸ்டை (மிதித்தால் மோட்டார் உதவும் வசதி) 0 நிலையில் வைத்து ஒரு நாள் த்ராட்டிலில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். இடிப்பு நின்றுவிட்டால் குற்றவாளி மிதிதான். சிக்னலில் நிற்கும்போது பிரேக் லீவரைப் பிடித்தே நில்லுங்கள். லீவரில் கட்‑ஆஃப் சுவிட்ச் இருந்தால் மிதி என்ன செய்தாலும் மோட்டார் ஓடாது. டிஸ்ப்ளேயில் மாற்றும் வழி அடுத்தடுத்த பதில்களில் வருகிறது.

என் சைக்கிளில் இருப்பது எந்த வகைக் கன்ட்ரோலர்? பெட்டியில் ஒன்றும் எழுதவில்லை.

எழுதியிருந்தாலும் நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். மோட்டார் உள்ள சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வையுங்கள். த்ராட்டிலை மிகக் கொஞ்சமாகத் தள்ளி, விரலை அசைக்காமல் அப்படியே பிடியுங்கள். சக்கரம் ஒரு மெதுவான வேகத்துக்கு வந்து அதிலேயே நின்று சுற்றினால், அது த்ராட்டிலை வேகமாக, அதாவது வோல்டேஜாக எடுத்துக்கொள்ளும் வகை. நீங்கள் விரலை நகர்த்தாமலேயே வேகம் ஏறிக்கொண்டே போய் உச்சத்தைத் தொட்டால், அது த்ராட்டிலை இழுவிசையாக எடுத்துக்கொள்ளும் வகை.

இரண்டாவது வகை தூக்கி வைத்த நிலையில் பயமுறுத்தும். ஆனால் ரோட்டில் அதுதான் நல்ல பிள்ளை: கொஞ்சம் கொடுத்தால் கொஞ்சம் இழுக்கும். கடையில் ஸ்டாண்டு போட்டு, "பாருங்க, எவ்வளவு ஸ்மூத்" என்று சக்கரத்தைச் சுற்றிக் காட்டுவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பாரம் இல்லாத சக்கரம் எந்தக் கன்ட்ரோலரிலும் ஸ்மூத்தாகத்தான் சுற்றும்.

டிஸ்ப்ளேயில் ஏதாவது மாற்றினால் சரியாகுமா?

ஆகலாம். முதலில் செய்ய வேண்டியதும் இதுதான், கம்பியை வெட்டுவதற்கு முன்னால். ஆனால் டிஸ்ப்ளேக்கு டிஸ்ப்ளே எண்கள் மாறும். வேறொரு மாடலுக்குச் சொன்ன எண்ணை உங்கள் சைக்கிளில் போட்டால் வேகம் தப்பாகக் காட்டும், அல்லது மோட்டாரே ஓடாது. எதையும் தொடுவதற்கு முன் எல்லாப் பக்கங்களையும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் அடிக்கடி பார்க்கும் இரண்டு குடும்பங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, எஸ்866 (S866) போன்ற சின்ன டிஸ்ப்ளேக்கள். பெரும்பாலும் கூட்டல், கழித்தல் பொத்தான்களைச் சேர்த்து அழுத்திப் பிடித்தால் பி (P) என்ற எழுத்தில் தொடங்கும் அமைப்புகள் வரும். பி10 என்பது மிதி மட்டுமா, த்ராட்டில் மட்டுமா, இரண்டுமா என்பது. பி11 மிதி சென்சாரின் உணர்திறன். பி12 மிதித்ததும் மோட்டார் எவ்வளவு பலமாகக் கிளம்ப வேண்டும் என்பது, 0 முதல் 5 வரை. கோரிப்பாளையம் சிக்னல்காரர் குறைக்க வேண்டியது இந்த பி12ஐ. பி14 கரன்ட் வரம்பு, ஆம்பியரில். த்ராட்டில் குதிப்பை நேரடியாக அடக்குவது இதுதான். 12 இருந்தால் 9 வைத்து ஓட்டிப் பாருங்கள். பி09 என்பது நின்ற இடத்திலிருந்தே த்ராட்டில் வேலை செய்ய வேண்டுமா, உருண்ட பிறகுதானா என்பது. உருண்ட பிறகுதான் என்று வைத்துவிட்டால் குதிப்பு என்ற பேச்சே இல்லை. ஆனால் மிதிக்க முடியாத முழங்கால்வலிக்காரருக்கு அது தண்டனை.

இன்னொன்று, கேடி (KT) என்ற பிராண்டுக் கன்ட்ரோலரோடு வரும் டிஸ்ப்ளேக்கள். அங்கே சி5 (C5) என்ற கரன்ட் அமைப்பைத் தேடுங்கள். 10 என்றால் முழுக் கரன்ட், 3 என்றால் அதில் பாதி, நடுவில் உள்ளவை படிப்படியாக. 3க்குக் கீழே உள்ள எண்கள் மெதுவாகக் கிளம்பும் முறைக்கானவை. சி4ல் 4 வைத்தால் த்ராட்டிலும் அசிஸ்ட் நிலைக்குக் கட்டுப்படும். அதாவது 1ல் வைத்துக்கொண்டு த்ராட்டிலைக் கடைசி வரை தள்ளினாலும் 1க்கு உரிய வேகம்தான். என்னைக் கேட்டால் மாசி வீதிகளுக்குள் தினமும் போகிறவருக்கு இதைவிட நல்ல அமைப்பு கிடையாது. உள்ளே 1, வெளி வீதிக்கு வந்ததும் 3.

ஒரு தடவைக்கு ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள். மூன்றை மாற்றிவிட்டு, "நல்லா இருக்கு, ஆனா எதனாலன்னு தெரியல" என்று வந்து நிற்பவர்களுக்கு மறுபடி முதலிலிருந்து வேலை.

கரன்ட்டைக் குறைத்த பிறகு ஸ்மூத்தாகிவிட்டது. ஆனால் தெற்குவாசல் பாலம் ஏற மூச்சு வாங்குகிறது.

வாங்கத்தான் செய்யும். மெதுவாகக் கிளம்புவது வேறு, குறைவாக இழுப்பது வேறு. கரன்ட் வரம்பைப் பாதியாக்கினால் கிளம்பும்போது மட்டுமல்ல, மேட்டிலும் பாதி இழுவைதான். உங்களுக்குத் தேவை, உச்சம் அப்படியே இருந்து அங்கே போய்ச் சேரும் நேரம் மட்டும் கூடுவது. கன்ட்ரோலரில் மெதுவாகக் கிளம்பும் முறை இருந்தால் அதைப் போட்டுவிட்டு, கரன்ட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோங்கள். அந்த முறை இல்லையென்றால் நடுவில் ஓர் எண்ணில் சமாதானம் செய்துகொண்டு, பாலத்தில் கொஞ்சம் மிதியுங்கள்.

டிஸ்ப்ளேயே கிடையாது. மூன்று விளக்கு, ஒரு பொத்தான், அவ்வளவுதான்.

அப்போது அமைப்பு என்று மாற்ற ஒன்றும் இல்லை. கன்ட்ரோலரைத் திறந்து பார்த்தால் சிலவற்றில் மூன்று வேகச் சுவிட்சுக்கான கம்பிகள் எங்கும் இணைக்கப்படாமல் சுருண்டு கிடக்கும். அதில் ஒரு சின்ன சுவிட்ச் போட்டுக்கொண்டால் நெரிசலில் குறைந்த வேகத்தில் வைத்து ஓட்டலாம். குறைந்த வேகம் என்றால் வோல்டேஜும் குறைவு, குதிப்பும் குறையும். அந்தக் கம்பிகளும் இல்லையென்றால் த்ராட்டில் பக்கம்தான் வேலை.

த்ராட்டில் கெட்டுவிட்டதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

ஒரு மல்டிமீட்டர் இருந்தால் ஐந்து நிமிட வேலை. மோட்டார் சக்கரத்தைத் தூக்கி வைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும், இதில் சோம்பல் கூடாது. த்ராட்டிலிலிருந்து வரும் கம்பிகளில் சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட், மூன்றாவது சிக்னல். சிக்னல் கம்பி பச்சையாகவோ வெள்ளையாகவோ நீலமாகவோ இருக்கலாம். விளக்கு, சாவி, பேட்டரி அளவு என்று கூடுதல் கம்பிகளும் அதே கட்டில் வரும். சாவி கம்பியில் முழு பேட்டரி வோல்டேஜ் இருக்கும், அதை 5 வோல்ட் கம்பியோடு தொட்டுவிட்டால் கன்ட்ரோலர் போச்சு.

இணைப்பைக் கழற்ற வேண்டாம். கனெக்டரின் பின்பக்கம், கம்பி உள்ளே நுழைகிற இடத்தில் குண்டூசி நுழையும் அளவுக்கு இடம் இருக்கும். மீட்டரின் கறுப்பு முனையைக் கறுப்புக் கம்பியிலும், சிவப்பு முனையைச் சிக்னல் கம்பியிலும் அப்படிப் பின்னாலிருந்து தொடுங்கள். சைக்கிளை ஆன் செய்துவிட்டு எண்ணைப் பாருங்கள். தொடாத நிலையில் 0.8, 0.9 என்று நிற்க வேண்டும். இப்போது லீவரை ஒரு அரிசி அகலம், இன்னொரு அரிசி அகலம் என்று தள்ளிக்கொண்டே எண் ஏறுவதைக் கவனியுங்கள். ஒழுங்காக ஏறினால் த்ராட்டில் நலம். 1.0லிருந்து ஒரே தாவலில் 2.3க்குப் போனால், அல்லது ஒரே இடத்தில் பிடித்திருக்கும்போதே எண் மேலும் கீழும் ஆடினால், மாற்ற வேண்டியதுதான். விட்டதும் 0.8க்குத் திரும்பாமல் 1.3ல் மாட்டிக்கொண்டால் உள்ளே ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் அல்லது தூசி அடைத்திருக்கும். ஆனையூர், விளாங்குடி பக்கம் மண்ரோட்டில் ஓடும் சைக்கிள் என்றால் பெரும்பாலும் தூசிதான்.

புது த்ராட்டில் சில நூறு ரூபாய்தான். பழையதைத் திறந்து சென்சாரைச் சாலிடர் செய்து பிழைக்க வைப்பது பொழுதுபோக்காக நல்லது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுகிற சைக்கிளில் வேண்டாம்.

சிக்னல் கம்பியில் ஒரு ரெசிஸ்டரும் கபாசிட்டரும் போட்டால் ஸ்மூத்தாகிவிடும் என்கிறார்களே?

ஆகும். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

சிக்னல் கம்பியை வெட்டி நடுவில் 10 கிலோஓம் ரெசிஸ்டர். கன்ட்ரோலர் பக்கம் சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே 22 மைக்ரோஃபாரட் கபாசிட்டர். த்ராட்டிலைச் சடாரென்று தள்ளினாலும் கபாசிட்டர் நிரம்பினால்தான் கன்ட்ரோலருக்கு வோல்டேஜ் ஏறும். இரண்டையும் பெருக்கினால் 0.22 விநாடி. முழுசாக ஏற அதைப்போல் மூன்று மடங்கு, அதாவது முக்கால் விநாடிக்குச் சற்றுக் குறைவு. கிளம்புவது சுகமாக இருக்கும்.

இப்போது விரலை எடுங்கள். கபாசிட்டரில் நின்ற வோல்டேஜ் அதே ரெசிஸ்டர் வழியாகத்தான் வடிய வேண்டும். 3.6 வோல்ட்டில் இருந்தது 1.1க்குக் கீழே வந்து மோட்டார் அடங்க ஏறக்குறைய அரை விநாடி ஆகிறது. 20 கிலோமீட்டர் வேகத்தில் அரை விநாடி என்றால் இரண்டே முக்கால் மீட்டர். நீங்கள் விரலை எடுத்த பிறகும் ஒரு சைக்கிள் நீளத்துக்கு மேல் மோட்டார் தள்ளிக்கொண்டே போகிறது. சிம்மக்கல்லில் பஸ்ஸிலிருந்து ஆள் குதிக்கிற இடைவெளி அதைவிடக் குறைவு.

இதற்கு ஒரு மாற்று உண்டு. ரெசிஸ்டருக்கு இணையாக, ஒரு திசையில் மட்டும் கரன்ட் விடுகிற ஒரு ஷாட்கி டயோடு, அதன் கோடு போட்ட பக்கம் த்ராட்டிலை நோக்கி இருக்கும்படி. ஏறும்போது கரன்ட் ரெசிஸ்டர் வழியே போகும், மெதுவாக. இறங்கும்போது டயோடு வழியே ஓடிவிடும், வேகமாக. சாதாரண டயோடு போட்டால் கடைசி 0.6 வோல்ட் டயோடில் இறங்காமல் மறுபடி ரெசிஸ்டரில் தொங்கும், அதனால்தான் இழப்பு குறைந்த ஷாட்கி. டயோடு இல்லாமல் வெறும் இரண்டு பாகம் போட்டுத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிரேக் லீவர்கள் இரண்டிலும் கட்‑ஆஃப் வேலை செய்யாத சைக்கிளில் டயோடு இருந்தாலும் வேண்டாம்.

இன்னொன்று. கன்ட்ரோலருக்குள்ளேயே சிக்னலிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டர் இருக்கும். நீங்கள் போட்ட 10 கிலோஓம் அதோடு பங்கு போட்டுக்கொள்ளும். உச்ச வோல்டேஜ் கொஞ்சம் குறையும், சிலருக்கு டாப் ஸ்பீடு ஒன்றிரண்டு கிலோமீட்டர் விழும். அது கோளாறு அல்ல.

கட்டைவிரல் த்ராட்டிலா, முறுக்குகிற த்ராட்டிலா, எது நிதானம்?

கட்டைவிரல். விவாதமே இல்லை. முறுக்கு த்ராட்டிலில் கைப்பிடியும் அதுவும் ஒன்றே. வேகத்தடையில் உடம்பு பின்னால் போனால் மணிக்கட்டும் கூடவே திரும்பும், சைக்கிள் பாயும், பாய்ந்ததால் உடம்பு இன்னும் பின்னால் போகும். நம் ஊர் வேகத்தடைகளின் உயரத்துக்கு இது நல்லதல்ல. கட்டைவிரலில் நான்கு விரலும் பிடியில் இருக்க, ஒரு விரல் மட்டும் வேலை செய்யும்.

டீக்கடை வாசலில் ஆன் செய்தபடி நிறுத்திவிட்டுப் போவதும், ஆன் செய்தபடி தள்ளிக்கொண்டு நடப்பதும் முறுக்கு த்ராட்டிலில் விபத்துக்கு அழைப்பு. ஹேண்டில்பாரைப் பிடித்துத் தூக்கும்போதே முறுக்கிவிடுவோம். சின்னப் பிள்ளைகள் கை வைக்காமல் இருக்கவே மாட்டார்கள்.

நீண்ட தூரத்துக்குக் கட்டைவிரல் வலிக்கும் என்பது உண்மை. அழகர்கோவில் வரை தினமும் போகிறவர் என்றால் அரைப்பிடி முறுக்கு பார்க்கலாம். அதில் உள்பக்கம் பாதிதான் சுழலும், வெளிப்பக்கம் அசையாத பிடி.

சைன் வேவ் கன்ட்ரோலர் மாற்றினால் எல்லாம் சரியாகிவிடுமா?

சைன் வேவ் என்றால் மோட்டாருக்குக் கரன்ட்டைக் கட்டம் கட்டமாக அல்லாமல் அலை போல அனுப்பும் கன்ட்ரோலர். சத்தம் கண்டிப்பாகக் குறையும். கிளம்பும்போது வரும் கரகரப்பும் நடுக்கமும் போகும். ஆனால் சைன் வேவ் என்று பெயர் இருந்தால் மட்டும் த்ராட்டில் இழுவிசை வகையாகிவிடாது. எஃப்ஓசி (FOC) என்று சொல்லப்படும் வகைகள் கரன்ட்டை நேரடியாக ஆள்கின்றன, அவற்றில்தான் த்ராட்டில் முழுசாக மாறும். வாங்கும்போது மோட்டாரில் ஹால் சென்சார் கம்பிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சென்சார் இல்லாத மோட்டார் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது எந்தக் கன்ட்ரோலரிலும் ஒரு உதறு உதறத்தான் செய்யும்.

கம்ப்யூட்டரில் புரோகிராம் செய்யும் கன்ட்ரோலரில் எதை மாற்ற வேண்டும்?

பாஃபாங் (Bafang) நிறுவனத்தின், மிதித்தண்டில் பொருத்தும் கிராங்க் மோட்டார் வைத்திருப்பவர்கள் கேபிள் ஒன்று வாங்கினால் த்ராட்டில் பக்கத்தைத் திறக்கலாம். அங்கே தொடக்க வோல்டேஜ் 11 என்றும் முடிவு வோல்டேஜ் 35 என்றும் இருக்கும், 1.1 வோல்ட், 3.5 வோல்ட் என்று படிக்க வேண்டும். உங்கள் த்ராட்டில் உண்மையில் எங்கே முடிகிறது என்று மீட்டரில் பார்த்து அந்த முடிவு எண்ணை அதற்கு நெருக்கமாக உயர்த்தினாலே விரலுக்கு அதிக இடம் கிடைக்கும். நான் முதலில் செய்வது இதைத்தான், வேறெதையும் தொடுவதற்கு முன். அப்புறம் தொடக்கக் கரன்ட் சதவீதத்தைக் குறையுங்கள். முறை என்ற இடத்தில் வேகம், கரன்ட் என்று இரண்டு உண்டு. கரன்ட்டை வைத்துப் பாருங்கள்.

விஇஎஸ்சி (VESC) வகைக் கன்ட்ரோலரில் த்ராட்டில் வளைவையே வரையலாம், தொடக்கத்தில் படுத்துக் கிடந்து பிறகு எழும்பும்படி. ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் அங்கே தனித்தனி எண்கள். இறங்கும் நேரம் எப்போதும் சின்னதாக இருக்கட்டும்.

முழு சார்ஜ் போட்ட அன்று மட்டும் அதிகமாக எகிறுகிறது. பிரமையா?

பிரமை இல்லை. 36 வோல்ட் பேட்டரி முழுசாக நிரம்பினால் 42 வோல்ட். மாலையில் காலியாகும் நேரம் 33 பக்கம் வந்துவிடும். வோல்டேஜ் வகைக் கன்ட்ரோலரில் அதே விரல் நிலைக்கு காலையில் மாலையைவிடக் கால் பங்குக்கு மேல் அதிகம் போகிறது. அதனால் அமைப்பு மாற்றிச் சோதிப்பதாக இருந்தால் முழு சார்ஜில் செய்யுங்கள். பாதி சார்ஜில் பழகிய சாது மறுநாள் காலை முரண்டு பிடிக்கும்.

மாட்டுத்தாவணியிலிருந்து கேரியரில் பூ மூட்டை கட்டிக்கொண்டு வருகிறேன். பாரத்தோடு ஸ்மூத்தாகத்தான் கிளம்புகிறது. அப்படியே விடலாமா?

விடாதீர்கள். பாரம் குதிப்பை மறைக்கிறதே தவிர, மோட்டார் வாங்கும் அடி அதிகமாகிறது. கியர் உள்ள ஹப் மோட்டாருக்குள் சின்ன நைலான் பற்சக்கரங்கள் இருக்கின்றன. நின்ற இடத்திலிருந்து பாரத்தோடு முழு த்ராட்டில் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் பற்கள் அதைத் தாங்குகின்றன. ஒரு நாள் கறகற என்று அரைக்கும் சத்தம் வந்து, மோட்டார் சுற்றும், சக்கரம் சுற்றாது. மிதித்துக் கிளம்புங்கள், கரன்ட்டைக் கொஞ்சம் குறையுங்கள். அச்சு நட்டு இறுக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். குதித்துக் குதித்துக் கிளம்பும் சைக்கிளில் அச்சு ஃபோர்க்குக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, கம்பியையே முறுக்கி அறுத்துவிடும். அச்சு அப்படித் திரும்பாமல் தடுக்கத்தான் டார்க் ஆர்ம் என்ற தகடு.

கன்ட்ரோலரில் ஒரு வெள்ளைக் கம்பியைக் கழற்றினால் வேகம் கூடுமாமே?

பல கன்ட்ரோலர்களில் வேக வரம்புக்கு அப்படி ஒரு வளையம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அரை மணி நேரத் திறன் 0.25 கிலோவாட்டுக்குக் குறைந்த மோட்டார், 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத வேகம் என்ற வரம்புக்குள் இருப்பதால்தான் உங்கள் சைக்கிளுக்குப் பதிவு எண்ணும் லைசென்ஸும் கேட்பதில்லை. வரம்பைத் தாண்டினால் அது சட்டப்படி மோட்டார் வாகனம். தவிர, த்ராட்டில் எகிறுகிறது என்று வந்தவர் இதைக் கேட்பதுதான் எனக்கு விளங்காத விஷயம். வரம்பை எடுத்தால் அதே விரல் தூரத்துக்குள் இன்னும் அதிகம் திணிக்கப்படும், இன்னும் எகிறும்.

விரலை எடுத்தும் நிற்காமல் முழு வேகத்தில் ஓடிவிட்டது. பிரேக் பிடித்துத்தான் நிறுத்தினேன்.

சரிசெய்யும் வரை ஓட்ட வேண்டாம். பெரும்பாலும் த்ராட்டிலின் கறுப்புக் கம்பி உள்ளே அறுந்திருக்கும். கிரவுண்ட் போய்விட்டால் சிக்னல் கீழே விழாமல் 5 வோல்ட் பக்கம் ஏறி நின்றுவிடும், கன்ட்ரோலர் அதை முழு த்ராட்டில் என்று படிக்கும். நல்ல கன்ட்ரோலர்கள் இவ்வளவு உயர்ந்த வோல்டேஜைக் கோளாறு என்று கண்டு மோட்டாரை நிறுத்திவிடும். எல்லாம் அப்படி இல்லை. ஹேண்டில்பார் திரும்பும்போது கம்பி எங்கே மடிகிறது என்று பாருங்கள், அறுவது அங்கேதான். முன்னால் கூடை மாட்டியவர்கள் கம்பியைக் கூடைக்கும் ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெமுக்கும் நடுவில் நசுக்கி வைத்திருப்பார்கள்.

மாற்றிய பிறகு, சக்கரத்தைத் தூக்கி வைத்து த்ராட்டிலை முழுசாகத் தள்ளிக்கொண்டே பிரேக் லீவரை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். லீவர் பாதி வருவதற்குள் மோட்டார் அணைய வேண்டும். இரண்டாவது சோதனை: த்ராட்டிலைத் தள்ளிப் பிடித்தபடி ஆன் செய்யுங்கள். மோட்டார் ஓடக் கூடாது.

இதெல்லாம் செய்தால் வாரண்டி போகுமா?

டிஸ்ப்ளே எண்களை மாற்றுவதால் பொதுவாகப் போகாது, திரும்பப் பழையபடி வைத்துவிடலாம். கம்பியை வெட்டினால் போகும். வாரண்டி இருக்கும்போது எகிறுகிறது என்று எழுத்தில் புகார் கொடுத்துவிட்டு, விற்றவர்களையே கரன்ட் வரம்பைக் குறைத்துத் தரச் சொல்லுங்கள்.

மாற்றிய பிறகு எங்கே ஓட்டிப் பார்ப்பது?

வைகைக் கரைச் சாலை, விடிகாலையில். தெப்பக்குளத்தைச் சுற்றி வேண்டாம், நடைப்பயிற்சிக்காரர்கள் கூட்டம். நேராக ஓட்டினால் மட்டும் தெரியாது. நடைவேகத்தில் எட்டுப் போட்டுப் பாருங்கள். திரும்பும்போது ஹேண்டில்பார் வளைந்த நிலையில் த்ராட்டிலைத் தொட்டு, சைக்கிள் கோட்டை விட்டு விலகாமல் போகிறதா என்பதுதான் பரீட்சை. அதில் தேறினால் மாசி வீதிக்குத் தயார்.

ஒரே சைக்கிளை நானும் அப்பாவும் ஓட்டுகிறோம். அவருக்கு மெதுவாக வேண்டும், எனக்கு வேகமாக.

த்ராட்டில் அசிஸ்ட் நிலைக்குக் கட்டுப்படும்படி வைத்துவிட்டு, அப்பா 1லும் நீங்கள் 4லும் ஓட்டுங்கள். ஆன் செய்தால் கடைசியாக வைத்த நிலையிலேயே தொடங்குகிற டிஸ்ப்ளே என்றால், இரவு வீட்டுக்கு வந்ததும் 1க்கு இறக்கிவிட்டு நிறுத்துவது உங்கள் வேலை. அப்பா கண்ணாடி போடாமல் அந்த எண்ணைப் பார்க்கப் போவதில்லை.

ஐப்பசி மழைக்கு அப்புறம் த்ராட்டில் நடுங்குகிறது. வெயில் அடித்தால் சரியாகிவிடுகிறது.

தண்ணீர் கனெக்டருக்குள் போயிருக்கிறது. அம்புக்குறிக்கு நேரே அம்புக்குறி வைத்துப் பொருத்தும் வட்டக் கனெக்டர் என்றால் கழற்றி, பச்சை பிடித்திருக்கிறதா என்று பார்த்து, காயவைத்து, ரப்பர் வளையம் வரை முழுசாக உள்ளே தள்ளுங்கள். பாதி தூரம் மட்டும் போயிருப்பதுதான் வழக்கமான கோளாறு. வெள்ளைப் பிளாஸ்டிக் கனெக்டர் என்றால் பின்களைக் கான்டாக்ட் கிளீனரால் கழுவி, கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் வைத்து மூடுங்கள். இன்சுலேஷன் டேப்பை இறுக்கிச் சுற்றினால் உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் போய்விடும். கம்பி கனெக்டருக்குள் நுழைவதற்கு முன் கீழ்ப்பக்கமாக ஒரு சின்ன வளைவு கொடுத்துக் கட்டுங்கள், வழிந்து வரும் தண்ணீர் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும்.